கால் இஞ்ச் நட்சத்திரம்

டைலரம்மாவை வானம் பார்க்க வைத்தவர் எலும்பு டாக்டர். சிரிக்காதீர்கள், நடந்ததைத்தான் சொல்கிறேன்.

ஒரு நாள் காலையில் அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. சாதாரணப் பிடிப்பு இல்லை. யாராவது கூப்பிட்டால் பீரோவை நகர்த்துகிற மாதிரி மொத்த உடம்பையும் திருப்பித்தான் "என்ன?" என்று கேட்க முடிந்தது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், கழுத்தை இரண்டு இடத்தில் அமுக்கினார், அவள் "ஐயோ" என்றாள், என்ன வேலை என்று கேட்டார். தையல் என்றதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டார்.

"இத்தனை வருஷம் குனிஞ்சு கீழயே பார்த்திருக்கீங்க. இனிமே தினம் கொஞ்ச நேரம் மேல பாருங்கம்மா. அதான் மருந்து."

மேலே என்றால் எங்கே என்று அவர் சொல்லவில்லை. அதனால் முதலில் அறையின் உத்தரத்தைத்தான் பார்த்தாள். அங்கே ஒரு ஃபேன், மழைத் தண்ணீர் இறங்கிய கறை, ஒரு பல்லி. பல்லியும் அவளையே பார்த்தது. இரண்டே நாளில் அலுத்துப்போனது. "இதைப் பார்க்கிறதுக்குக் கழுத்து வலியே தேவலாம்" என்று மூன்றாம் நாள் கடையைச் சாத்திய கையோடு மொட்டை மாடிக்கு ஏறிவிட்டாள். முன்னால் கடை, பின்னால் வீடு, மேலே தண்ணீர்த் தொட்டியும் கொடிக்கயிறும் உள்ள மாடி. இருபது வருஷமாக அந்த மாடிக்குப் போய் வருகிறவள்தான். ஆனால் போனது துணி காயப்போட, வந்தது துணி எடுக்க. நிமிர்ந்ததில்லை.

அன்று நிமிர்ந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் வானத்தைப் பார்த்ததே இல்லையா என்று கேட்பீர்கள். பார்த்திருக்கிறாள், நீங்களும் நானும் பார்த்திருக்கிற மாதிரி. பஸ்ஸுக்குப் போகும்போது மழை வருமா என்று பார்ப்பது ஒரு பார்வையா? அன்று பார்த்தது வேறு. இருட்டு இன்னும் முழுதாக இறங்காத நேரம். முதலில் ஒன்று தெரிந்தது, கண்ணைத் திருப்புவதற்குள் பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் எண்ணி முடியவில்லை. யாரோ உள்ளே உட்கார்ந்து ஊசியால் குத்திக்குத்தி வெளிச்சத்தை இந்தப் பக்கம் எடுக்கிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் என்றுதானே டாக்டர் சொன்னார், இவள் கீழே இறங்கும்போது அடுப்பில் வைத்த பால் பொங்கி, தீய்ந்து, பாத்திரமும் கருகிப்போயிருந்தது. வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"எங்க போயிட்டே?"

"மேல இவ்வளவு இருக்குன்னு ஏங்க யாருமே சொல்லலை?" என்றாள். அவள் முகத்தைப் பார்த்து அவருக்குக் கோபம் போய்விட்டது. பாத்திரத்தை அவரே தேய்த்தார்.

வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். நல்ல மனுஷன், ஆனால் வாய் சும்மா இருக்காது. அவருடைய தங்கை, அதாவது டைலரம்மாவின் நாத்தனார், இன்னும் ஒரு படி மேல். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அண்ணன் வீட்டிலேயே இருந்துகொண்டு அண்ணியின் கடையில் காஜா எடுப்பது, கொக்கி வைப்பது, ஓரம் மடித்து ஹெம்மிங் அடிப்பது என்று கைத்தையல் முழுதும் பார்த்துக்கொள்கிறவள். 'ஹெம்மிங் அக்கா' என்றால்தான் தெருவில் தெரியும். அண்ணி வெட்டுவாள், மெஷினில் ஓட்டுவாள். நாத்தனார் முடித்துக் கொடுப்பாள். இரண்டு பேரும் நாள் முழுக்க எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போடுவார்கள். சண்டை இல்லாத நாளில் வாடிக்கையாளர்கள் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள்.

"கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்" என்று ஆரம்பித்தாள் நாத்தனார். "கீழ ரெண்டு பேரு பேன்ட்டு கிடக்கு, அண்ணி மேல நட்சத்திரத்துக்கு அளவு எடுக்கப் போறாங்க."

"போடி. உனக்கு மேலயும் தெரியாது, கீழயும் தெரியாது."

வீட்டுக்காரர் போனை நீட்டினார். "எதுக்குக் கழுத்தை ஒடிச்சுக்கிறே? இதை வானத்தைப் பார்த்துக் காட்டினா போதும், பேரு ஊரு எல்லாம் சொல்லிடும்."

"அப்ப நீங்க மேட்ச்சை மட்டும் ஏன் கண்ணு முழிச்சுப் பார்க்கிறீங்க? காலையில எவன் ஜெயிச்சான்னு கேட்டுட்டுப் போகலாமே?"

அதோடு அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அவளே பெயர் வைத்துக்கொண்டாள். நேர்க்கோட்டில் மூன்று இருந்தால் அது பொத்தான் வரிசை. வளைந்து கிடந்தது காலர். பக்கத்துப் பக்கத்தில் ஒரே அளவில் மின்னிய இரண்டும் ஜோடி பொத்தான். ஒரு மாதத்துக்குள் ஒரு பெரிய விஷயமும் புரிந்துபோயிற்று. இருட்டத் தொடங்கும்போது தொட்டிக்கு மேலே இருக்கிற காலர், சாப்பாட்டு நேரத்துக்குள் எதிர்வீட்டுக் கூரைப் பக்கம் போய்விடுகிறது. ஆனால் காலருக்கும் பொத்தானுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி மாறுவதே இல்லை. துணி மொத்தமாக நகர்கிறது, துணியில் போட்ட பூ நகர்வதில்லை. இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கண்டுபிடித்த அன்று தலைகால் புரியவில்லை அவளுக்கு. இறங்கி வந்து வீட்டுக்காரர் தட்டில் இரண்டு முறை உப்பு போட்டாள்.

இவளுடைய கண்ணைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தெருவில் போகிற ஆளைக் கடைக்குள் இருந்தபடியே பார்த்து, "கழுத்து பதினஞ்சரை, இடது தோள் கொஞ்சம் இறக்கம்" என்பாள். கூப்பிட்டு டேப் வைத்துப் பார்த்தால் அதேதான் இருக்கும். பெருமை இருக்காதா? இருந்தது. கொஞ்சமல்ல, மூட்டை மூட்டையாக இருந்தது. அப்படிப்பட்ட கண் வானத்தைச் சும்மா பார்த்துக்கொண்டு இருக்குமா? அளக்கக் கை பரபரத்தது.

டேப்பை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். இரண்டு கையையும் முழங்கை மடங்காமல் நேராக நீட்டி, டேப்பை விறைப்பாகப் பிடித்து, ஒரு நட்சத்திரத்தின் மேல் ஒரு கட்டைவிரல் நகம், இன்னொன்றின் மேல் மற்றது. பிடியை விடாமல் மாடிப்படி விளக்குக்கு வந்து படித்தால் அளவு. ஜோடி பொத்தானுக்கு நடுவே இரண்டு இஞ்சுக்குக் கொஞ்சம் குறைச்சல். மறுநாளும் அதே. ஒரு புள்ளியை இடத்தில் வைக்க இரண்டு பக்கத்திலிருந்தும் அளவு வேண்டும், சட்டையில் கைக்குழி வெட்டுகிற எவளுக்கும் இது தெரியும். டிவி வந்த பெட்டியில் இருந்த தெர்மாகோல் பலகையின் மேல் கருநீலத் துணியை இழுத்துக் கட்டினாள். மணித்தலை வைத்த குண்டூசிகளை அளந்து அளந்து குத்தினாள். வெள்ளை மணி, மஞ்சள் மணி. ஜோடி பொத்தானுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒன்று இருந்தது. மற்றதெல்லாம் கண் சிமிட்டும், அது மட்டும் முறைக்கும். அதற்கு ஒரு சிவப்பு மணி.

பலகையைக் கடைச் சுவரில், மெஷினுக்குப் பின்னால் மாட்டினாள். துணி தைக்க வந்தவர்கள் "என்ன டிசைன் இது, சேலைக்கா?" என்று கேட்டார்கள். "வானம்" என்று சொல்வாள். சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்துகொள்வாள். கழுத்து வலி எப்போதோ போய்விட்டது, அதைக் கவனிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை.

சிவப்பு மணி குத்திய மறுநாளிலிருந்தே நாலைந்து நாள் மேகம் மூடிக்கொண்டது. வானம் தெளிந்த அன்று பலகையோடு மேலே போனவள், தொம் தொம் என்று படி அதிர இறங்கி வந்தாள்.

சிவப்பு மணி தப்பான இடத்தில் இருந்தது. கொஞ்ச நஞ்சமில்லை, முழுதாக ஒரு இஞ்ச்.

நாத்தனார் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பலகையில யாரு கை வச்சது?"

"எந்தப் பலகையில?"

"தெரியாத மாதிரி கேட்காதே. சிவப்பு ஊசியைப் பிடுங்கி மாத்திக் குத்தி வச்சிருக்கே. விளையாட்டா உனக்கு?"

"அண்ணி, எனக்கு வேற வேலை இல்லையா? உங்க ஊசியை நான் ஏன் தொடப் போறேன்?"

"பின்ன அதுவா நடந்து போச்சா? இந்த வீட்டில கிண்டல் பண்றவ நீ ஒருத்திதான்."

நாத்தனார் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீங்க தப்பாக் குத்திட்டு என் தலையில கட்டாதீங்க."

அந்த வார்த்தையைத்தான் அவள் சொல்லியிருக்கக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்ச நாளாகவே டைலரம்மாவின் மனதுக்குள் ஒரு பயம் இருந்தது. ஒரு பேன்ட் திரும்பி வந்தது, ஒரு கால் நீளம். "நீங்க கோணலா நின்னீங்க" என்று சொல்லிச் சமாளித்தாள். அப்புறம் ஒரு சட்டை. கண்ணாடிக் கடைக்குப் போகலாம்தான், போனால் கடைக்காரர் பார்வை மங்கிவிட்டது என்று சொல்லிவிட்டால்? அவளுக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். அதுவும் கண்ணால் நடக்கிற தொழில். கண் போனால் கத்தரியைக் கீழே வைக்க வேண்டியதுதான். ஒரு பேண்டு வாத்தியக் குழுவுக்குக் கோட்டு தைக்கிற வேலை வேறு வந்திருந்தது, பட்டைப் பட்டையாகக் கோடு போட்ட துணி. தையலில் இந்தப் பக்கத்துக் கோடும் அந்தப் பக்கத்துக் கோடும் நூல் பிசகாமல் சேர வேண்டும். ஒரு வெட்டு தப்பினால் மொத்தத் துணியும் பாழ். இந்த நேரத்தில் ஊசியை ஒரு இஞ்ச் தப்பாகக் குத்தியது தானே என்று ஒத்துக்கொள்ள அவளுக்கு மனசு வருமா? வரவில்லை. பழியைத் தூக்கி எதிரே இருந்தவள் மேல் போட்டாள்.

"என் அளவு தப்பாது. என் அளவைத் தப்புன்னு சொல்றவ என் கடையில உட்கார வேண்டாம்."

எடுத்தேன் கவிழ்த்தேன் என்று வாயிலிருந்து வந்துவிட்டது. நாத்தனார் ஊசி குத்தாமல் மாட்டிக்கொள்கிற தன் விரல் குல்லாவையும் சின்னக் கத்தரியையும் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். மறுநாளிலிருந்து பெரிய ஜவுளிக் கடையில், ரெடிமேட் பேன்ட்டுக்குக் கால் மடித்துக் கொடுக்கிற மேசைக்கு வேலைக்குப் போய்விட்டாள். வீட்டுக்கு வருவாள், சாப்பிடுவாள், தட்டைக் கழுவுவாள், படுப்பாள். அண்ணி என்ற வார்த்தையே அவள் வாயில் இல்லை. வீட்டுக்காரர் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, பயணிகள் இல்லாத பஸ்ஸை ஓட்டுகிறவர் மாதிரி, சாப்பிட்டு முடித்தார்.

டைலரம்மாவுக்கு வீம்பு. சிவப்பு மணியைப் பிடுங்கிப் புதிதாக அளந்து, புதிய இடத்தில் குத்தி, பலகையைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். சாவி அவள் இடுப்பில். இப்போது எவள் தொடுகிறாள் பார்க்கலாம்.

இரண்டு நாள் கழித்துப் பூட்டைத் திறந்து பலகையை மேலே கொண்டுபோனாள். டேப்பை நீட்டினாள். அரை இஞ்ச் தப்பு.

யாரும் தொடவில்லை, சாவி இடுப்பைவிட்டு இறங்கவில்லை. அப்படியென்றால் கண்தான். தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கோடு போட்ட துணி கீழே மேசை மேல் வெட்டப்படாமல் கிடக்கிறது, முடித்துக் கொடுக்க ஆள் இல்லை, ஆளை விரட்டியது இவள். அழுகை வந்தது. மேலே பார்த்தபடி அழுதால் கண்ணீர் காதுக்குள் போகிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

கண்ணைத் துடைத்துவிட்டு, கடைசியாக ஒரு முறை, எவ்வளவு மோசம் என்றாவது பார்ப்போம் என்று மற்ற ஊசிகளையும் சரிபார்க்க ஆரம்பித்தாள். ஜோடி பொத்தான், சரி. பொத்தான் வரிசை, மூன்றும் சரி. காலர் முழுதும் சரி. ஒரு நூல் பிசகு இல்லை. எல்லாவற்றையும் இன்னொரு முறை அளந்தாள். சரி, சரி, சரி. சிவப்பு மட்டும் தப்பு.

அப்போதுதான் அவளுக்குள் இருந்த தையல்காரி பேச ஆரம்பித்தாள். கண் மங்கினால் எல்லா அளவும் தப்ப வேண்டும். முழங்கை மடங்கியிருந்தால் எல்லா அளவும் சேர்ந்து சுருங்க வேண்டும். ஒன்று மட்டும் எப்படித் தப்பும்? ஒரே சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் இடம் மாறியிருந்தால், டேப்பையா சந்தேகப்படுவாய்? பொத்தானை அல்லவா பார்ப்பாய்?

தலையைத் தூக்கி அந்தச் சிவப்பைப் பார்த்தாள். அது இவளை முறைத்தது.

"அடி திருடி!" என்று கத்தினாள். "நீதானா நகர்றது?"

அப்போது அவளுக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? முதல் முதலாக ஒரு முழுச் சட்டையைத் தானே வெட்டித் தைத்து இன்னொருவர் போட்டுக்கொண்டு போனதைப் பார்த்த அன்றைக்கு இருந்த சந்தோஷம், அதைவிடக் கூட ஒரு பங்கு. வானத்தில் ஒன்று தன் இடத்தைவிட்டு நகர்கிறது, அதைத் தன் கண் பிடித்துவிட்டது. கண் போகவில்லை! மாடியிலேயே ஒரு சுற்று சுற்றினாள். அடுத்த நிமிடம் நாத்தனாரின் நினைவு வந்தது, சுருக்கென்றது. ஐயோ, அவளை என்னவெல்லாம் சொன்னோம்.

நாத்தனார் வீட்டுக்கு வரும் வரை பொறுத்திருக்கலாம். பொறுமை இருந்தால் அவள் ஏன் டைலரம்மா? செருப்பு மாட்டிக்கொண்டு ஜவுளிக் கடைக்கே நடந்தாள். மூடுகிற நேரம். சட்டை வாங்க வந்தவர்கள், கைப்பை மாட்டிய பெண்கள், கேஷ் கவுண்டர் பெண்கள் எல்லோரும் பார்க்க, கால் மடிக்கிற மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"நீ அந்த ஊசியைத் தொடலை" என்றாள் மூச்சு வாங்க. "நட்சத்திரம்தான் நகர்ந்திருக்கு."

கேஷ் கவுண்டர் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நாத்தனார் தலையைத் தூக்காமல் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"பரவாயில்லையே. முதல்ல என் மேல பழி. இப்ப வானத்து மேல பழி. உங்க மேல மட்டும் தப்பே கிடையாதா அண்ணி?"

ஆனால் 'அண்ணி' என்று சொல்லிவிட்டாள். டைலரம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொல்றதை நம்பாதே. நீயே வந்து குத்து. உன் துணி, உன் ஊசி, உன் கை. நான் கிட்டக்கூட வரலை."

"வந்து பார்க்கிறேன். ஆனா அது நகரலைன்னா, இந்தக் கடைக்கு நடுவுல வந்து, என் அளவுதான் தப்புன்னு சத்தமாச் சொல்லணும். சரியா?"

"சரி" என்றாள் டைலரம்மா. நாளைக்கு அது நகராமல் நின்றுவிட்டால்? ஒரு நட்சத்திரத்தை நம்பி மானத்தை அடகு வைத்துவிட்டோமே என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள்.

அன்றே நாத்தனார் மாடிக்கு வந்தாள். இலேசுப்பட்டவளா அவள்? தனியாக ஒரு கறுப்புத் துணி, தனியாக ஊசிப் பெட்டி. கையை எப்படி நீட்டுவது என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். அளந்தாள், குத்தினாள், துணியைத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். மறுநாள் அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். மூன்றாம் நாள் டேப்பைப் பிடித்த கையோடு விளக்குக்குப் போனாள், படித்தாள், திரும்ப வந்து அளந்தாள், திரும்ப விளக்குக்குப் போனாள்.

"அண்ணி."

"என்ன?"

"கால் இஞ்ச், அண்ணி. நேத்து ஒரு கால் இஞ்ச். இன்னிக்கு இன்னொரு கால் இஞ்ச். நகருது அண்ணி!" என்று வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தாள். "டேய் அண்ணா! மேல வாடா! நட்சத்திரம் ஓடுது!"

அண்ணன்காரர் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார், தீப்பிடித்துவிட்டதோ என்று. விஷயத்தைக் கேட்டதும் போனை எடுத்துச் சிவப்பின் பக்கம் தூக்கிக் காட்டினார்.

"அட, இதுவா! செவ்வாய் கிரகமாம். கிரகம்னா நகரத்தானே செய்யும்? இது ஸ்கூல் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே."

ஒரு நொடி டைலரம்மாவின் முகம் சுருங்கியது. உலகத்துக்கே தெரிந்த ஒன்றையா இத்தனை பாடுபட்டுப் பிடித்தோம்? அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் நாத்தனார் பாய்ந்துவிட்டாள்.

"உனக்குத் தெரியுமா? நீ பார்த்தியா? போன் சொல்லி இப்பத்தானே உனக்கே தெரியும்! அது நகர்றதை அண்ணி கண்ணால பிடிச்சிருக்காங்க. வெறும் டேப்பை வச்சுப் பிடிச்சிருக்காங்க. நீ முப்பது வருஷமா பஸ் ஓட்டுறே, உன் பஸ் கால் இஞ்ச் நகர்ந்தா உனக்குத் தெரியுமா?"

"நான் என்ன சொல்லிட்டேன்?" என்று அவர் போனை அணைத்தார்.

"இருக்கட்டும்ங்க" என்றாள் டைலரம்மா. சுருங்கிய முகம் மலர்ந்துவிட்டிருந்தது. "ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கட்டும். எனக்கு யாரும் சொல்லலை. நானாப் பார்த்தேன், நானாக் கண்டுபிடிச்சேன். அந்தச் செவ்வாயே வந்து இல்லைன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன்."

அவர் இறங்கிப் போன பிறகு இரண்டு பேரும் தொட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். டைலரம்மா டேப்பைச் சுருட்டினாள், பிரித்தாள், திரும்பச் சுருட்டினாள்.

"என் கண்ணு போச்சோன்னு பயம்டி. அதை ஒத்துக்க முடியாம உன் மேல போட்டுட்டேன். தொடலைன்னு நீ சொல்லும்போதே அது நிஜம்னு எனக்குத் தெரியும். என்னை மன்னிச்சிடு."

நாத்தனாருக்கு இப்படிப்பட்ட பேச்செல்லாம் பழக்கமில்லை. மூக்கை உறிஞ்சினாள்.

"கண்ணு போனா என்ன, நான் இருக்கேன்ல? என் கண்ணு என்ன வாடகைக்கா இருக்கு?" என்றாள். "அந்த ஜவுளிக் கடையில ஒருத்தருக்கும் சண்டை போடவே தெரியலை அண்ணி. செத்துப்போயிடலாம் போல இருந்தது."

மறுநாள் காலையில் டைலரம்மா மேசையைத் துடைத்து, கோடு போட்ட துணியை விரித்து, சாக்குக் கட்டியால் கோடு இழுத்து, ஒரே மூச்சில் வெட்டினாள். கத்தரி ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. எதிரே விரல் குல்லாவை மாட்டிக்கொண்டு நாத்தனார் காத்திருந்தாள். தைத்து முடித்த கோட்டின் முதுகில் இந்தப் பக்கத்துப் பட்டையும் அந்தப் பக்கத்துப் பட்டையும் சேர்ந்த இடத்தைக் கண்டுபிடிக்க விரலால் தடவித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

பேண்டு மாஸ்டர் ட்ரையலுக்கு வந்தார். பெரிய ஊதுகுழல்காரர், நெஞ்சும் பெரிது, வயிறும் பெரிது. கோட்டைப் போட்டு இழுத்துப் பிடித்தார். கடைசிப் பொத்தான் காஜாவுக்கு எட்டவில்லை.

"என்னம்மா இது? அளவு தப்பா எடுத்துட்டீங்களே!"

கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். போன மாதமாக இருந்தால் "நீங்க கோணலா நிக்கிறீங்க" என்று டைலரம்மா சமாளித்திருப்பாள். இப்போது அவள் நிதானமாகக் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தாள். எடுப்பதற்குள் நாத்தனார் எழுந்து நின்றுவிட்டாள்.

"யாரைப் பார்த்து சார் அளவு தப்புங்கிறீங்க? செவ்வாய் கிரகம் கால் இஞ்ச் நகர்ந்ததையே இதே டேப்பை வச்சுக் கண்டுபிடிச்சவங்க எங்க அண்ணி! அளவு கொடுத்தப்புறம் உங்க இடுப்பு ரெண்டு இஞ்ச் பெருத்தது அவங்களுக்குத் தெரியாமப் போயிடுமா? கையைத் தூக்குங்க!"

பேண்டு மாஸ்டர் கையைத் தூக்கினார். டைலரம்மா அளந்தாள். ரெண்டு இஞ்ச் இல்லை, ரெண்டேகால்.